நூலால் நெய்த நகரம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

இழைமாலை எழுதியது:

நான் எழுதிவரும் மிகுபுனைவு நாவலில், இரண்டு மலை முகடுகளுக்கு நடுவே, ஆழமான பள்ளத்தாக்கின் மேல், முழுக்க நூலாலேயே நெய்யப்பட்ட ஒரு நகரம் வருகிறது. வீடு, தெரு, கடைவீதி, கோயில் விமானம் எல்லாமே நூல்தான். கல்லும் மரமும் இரும்பும் அங்கே கிடையாது. நெய்தவை அணங்குகள். பல தலைமுறைகளுக்கு முன் அவை நகரை நெய்து முடித்துவிட்டு எங்கோ போய்விட்டன. பிற்பாடு வந்த மனிதர்கள் அதில் குடியேறினார்கள். இதுதான் இப்போதைக்குக் கதையின் அடித்தளம்.

வருணனைகள் நன்றாக வந்திருக்கின்றன என்று கைப்பிரதியை வாசித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு கிழவி தண்ணீர்க் குடத்தோடு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எப்படிப் போவாள் என்று ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. (அந்தக் குடம் எதனால் ஆனது என்றும் கேட்டார், அதை இங்கே கிளறாமல் விடுகிறேன்.) எல்லாவற்றுக்கும் மாயம் என்று விடை சொன்னால் நகரம் நாடகத் திரைபோல் பின்னால் தொங்கிக்கொண்டிருக்குமே தவிர, அதில் யாரும் வாழ மாட்டார்கள். நகரம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, மழையிலும் நெருப்பிலும் அதற்கு என்ன ஆகும், நெய்தவர்கள் போன பிறகும் அது நிலைக்குமா என்பவை குறித்து உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கட்டுமானன் எழுதியது:

நூலுக்கு இழுக்கத் தெரியும்; தாங்கத் தெரியாது. ஒரு தூணை மேலிருந்து அழுத்தினால் அது எதிர்த்து நிற்கும், நூலை அழுத்தினால் மடங்கிவிடும். ஆகவே நூலால் ஆன எதுவும் நிற்பதில்லை. எங்கோ கட்டப்பட்டு, இழுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. உங்கள் நகரில் கல் இல்லை என்கிறீர்கள். ஆனால் இரண்டு மலைகளும் கல்தானே? நகரத்தின் முழு எடையும் கடைசியில் அந்த இரண்டு பாறைகளில்தான் போய்ச் சேர்கிறது. முனைக்கட்டுகள் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் காவல் காக்கிறார்கள் என்பதைச் சொன்னாலே பாதி நகரம் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

தெருவின் கதையைக் கணக்காகச் சொல்கிறேன். 100 மீட்டர் நீளமுள்ள ஒரு நூல் தெரு நடுவில் 10 மீட்டர் தொய்ந்து தொங்கினால், அதன்மேல் உள்ள மொத்த எடையைப் போல் ஒன்றேகால் மடங்கு விசை ஒவ்வொரு முனையையும் கிடையாக இழுக்கும். அதே தெருவை ஏறக்குறைய சமதளமாக, நடுவில் 1 மீட்டர் தொய்வுக்கு இழுத்துக் கட்டினால் அந்த விசை பன்னிரண்டரை மடங்காகிவிடும். சமமான தெரு என்பது நூல் நகரத்தில் பெரும் ஆடம்பரம். ஆகவே சாதாரணத் தெருக்கள் எல்லாம் நடுவில் குழிந்திருக்கும், தண்ணீரும் குப்பையும் உருளக்கூடிய எதுவும் அந்தக் குழிவில் வந்து சேரும், வசதி படைத்தவர்கள் ஆட்டம் குறைவாக உள்ள மலையோரத்தில் வீடு பிடித்திருப்பார்கள். ஊரின் ஏற்றத்தாழ்வை நீங்கள் தனியாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

கூரைகளைப் பொறுத்தவரை, 1972 ஒலிம்பிக்குக்காக மியூனிக்கில் குந்தர் பேனிஷும் ஃப்ரை ஓட்டோவும் அமைத்த வடவலைக் கூரைகளின் படங்களைப் பாருங்கள். அவை குதிரைச் சேணம்போல் ஒரு திசையில் மேல்நோக்கியும் மறு திசையில் கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். ஒரு திசை வடங்கள் கூரையைத் தூக்க, மற்றத் திசை வடங்கள் அதை அடக்கிப் பிடிக்கின்றன. அப்படிச் செய்யாவிட்டால் முதல் காற்றிலேயே கூரை படபடக்கத் தொடங்கிவிடும். மியூனிக்கில் வலையைத் தூக்கிப் பிடிக்க உயரமான எஃகுக் கம்பங்கள் உண்டு. உங்களுக்குக் கம்பம் இல்லை என்பதால் எல்லாம் மேலிருந்து தொங்கியாக வேண்டும்.

தூங்கெயில் எழுதியது:

என் புனைபெயரே இந்த இழைக்காக வைத்ததுபோல் ஆகிவிட்டது. புறநானூற்றின் 39ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார், பகைவர் அஞ்சும் தூங்கெயிலை எறிந்தவர்கள் என்று சோழ மன்னன் கிள்ளிவளவனின் முன்னோரைப் புகழ்கிறார். வானத்தில் தொங்கிய கோட்டை அது. எதில் தொங்கியது என்பது பாட்டில் இல்லை. அதை அழித்த வீரத்துக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. அதில் குடியிருப்பவர்களின் கதையை எழுதும் உங்களுக்குத் தேவைப்படுகிறது.

நெய்யும் தெய்வங்களுக்கு நம் மரபில் பஞ்சமில்லை. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் உத்தங்கன், தட்சகன் கவர்ந்துபோன குண்டலங்களைத் தேடி நாகலோகத்துக்குப் போகும்போது, இரண்டு பெண்கள் தறியில் கறுப்பும் வெள்ளையுமான நூல்களைக் கொண்டு நெய்துகொண்டிருப்பதையும், ஆறு சிறுவர்கள் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றுவதையும் காண்கிறான். அந்தப் பெண்கள் தாதாவும் விதாதாவும், நூல்கள் பகலும் இரவும், சிறுவர்கள் ஆறு பருவங்கள் என்று பின்னர் குரு விளக்குகிறார். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். உத்தங்கன் போகும்போது அவர்கள் நெய்து முடித்திருக்கவில்லை. அவன் திரும்பிய பிறகும் நெய்துகொண்டேதான் இருந்திருப்பார்கள்.

உங்கள் நகருக்கு இன்னும் நெருக்கமானது காளத்திப் புராணம். அங்கே ஒரு சிலந்தி தன் உடலிலிருந்து வரும் நூலாலேயே இறைவனுக்குக் கோயிலும் கோபுரமும் மதிலும் கட்டி வழிபட்டது. ஒரு நாள் இறைவன் சோதிக்க நினைத்தபோது, எரிந்துகொண்டிருந்த விளக்கின் சுடர் பட்டு அவ்வளவும் கருகியது. சிலந்தி அழவில்லை, அந்தச் சுடரையே விழுங்கப் பாய்ந்தது. திருவானைக்காவில் கதை வேறு. அங்கே வெண்ணாவல் மரத்துச் சருகு லிங்கத்தின்மேல் விழாமல் சிலந்தி பந்தல் போட, யானை அதைத் தூய்மைக் குறைவென்று நாள்தோறும் கலைத்தது. அந்தச் சிலந்திதான் மறு பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பார்கள். எழுபது மாடம் என்று திருமங்கையாழ்வார் பாடுகிறார். நூலில் கட்டியது நிலைக்கவில்லை என்பதால் அடுத்த பிறவியில் கல்லுக்கு மாறிய ஒரே கட்டடக் கலைஞர் அவராகத்தான் இருப்பார்.

வெறும்வாசகன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் மிகுபுனைவு வாசிக்க உட்காருபவன் தொய்வுக்கும் இழுவிசைக்கும் கணக்குப் பார்க்க வரவில்லை. காளத்திச் சிலந்தியின் கோபுரம் எப்படி நின்றது என்று யாராவது கேட்டார்களா? பக்தி நிறுத்தியது என்று ஏற்றுக்கொண்டோம். அணங்குகளின் ஆற்றல் நிறுத்தியது என்று இங்கும் ஏற்றுக்கொள்வோம். பொறியியலைக் கொண்டுவந்து நுழைத்தால் கனவு கலைந்துவிடும் என்பதே என் அச்சம்.

இழைமாலை எழுதியது:

அந்தக் கோபுரம் எரிந்ததால்தான் அது என் மனத்தில் நிற்கிறது, நண்பரே. எரியாத நூலால் கட்டியிருந்தால் சிலந்திக்கு அங்கே செய்ய என்ன இருக்கிறது? அணங்குகளுக்கு ஆற்றல் உண்டு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அந்த ஆற்றல் எந்த இடத்தில் செலவாகிறது என்பதைத்தான் தேடுகிறேன்.

குழித்தறி எழுதியது:

தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த குடும்பம் என்பதால் என் பங்குக்குச் சில சொல்கிறேன். துணி என்று ஒன்று உருவாவதற்கு முன்னால் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், விறைப்பாக நிற்க வேண்டும். ஊடை என்னும் குறுக்கிழை, அதை இருபுறமும் கொண்டுசெல்லும் நாடாவோடு போய்வரும் விருந்தாளி; பாவுதான் வீட்டுக்காரன். அதனால் உங்கள் நகரில் எந்தத் திசை பாவு, எந்தத் திசை ஊடை என்பதை முதலில் தீர்மானியுங்கள். மலையிலிருந்து மலைக்கு ஓடுவது பாவு என்றால், அதன் வழியாகவோ அதற்கு நேர்குறுக்காக ஊடையின் வழியாகவோ நடப்பவருக்குக் கால் உறுதியாக இருக்கும். மூலைவாட்டில் நடந்தால் துணி இழுபட்டுக் கொடுக்கும். ஒரு கைக்குட்டையை நேராக இழுத்துப் பார்த்துவிட்டு மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், தெரியும். உங்கள் ஊர்க் குழந்தைகள் நிச்சயம் மூலைவாட்டில்தான் ஓடுவார்கள்.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடியற்காலையில் பாவடி என்னும் திறந்த திடலில் பாவை நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழைகள் ஒட்டாமல் நீவிவிட்டுக் காயவைப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு மழை என்றால் என்னவென்று தெரியும். கஞ்சி ஏறிய இழை காயும் முன்னே தூறல் விழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஆனால் வெயில் மட்டும் காய்ந்தாலும் ஆபத்து, பருத்தி இழை வறண்டு பட்டுப்பட்டென்று அறும். தறியைக் குழியில் இறக்கி வைத்ததற்கு அந்த ஈரப்பதமும் ஒரு காரணம். பள்ளத்தாக்கின் மேல் நகரத்தை வைத்தீர்கள் அல்லவா, கீழே ஆறு ஓடட்டும். அதன் ஈரக்காற்று இல்லாமல் நகரம் வாழாது.

நகரம் வளர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில் யாரும் அதை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய பாவின் முனைகளை, இழைகள் கோத்திருக்கும் அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைத்து, அவற்றோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றை விட்டாலும் துணியில் கோடு விழும். காஞ்சிபுரத்தில் உடலையும் முந்தானையையும் வேறு வேறு நிறப் பாவில் சேர்க்கும் பிட்னியும் இதே பொறுமையைக் கேட்கும் வேலைதான், அந்தச் சேர்ப்பின் வரி சேலையில் கண்ணுக்கே தெரியும். நகரத்திலும் ஒவ்வொரு தலைமுறையின் பிணைப்பும் அப்படி ஒரு வரியாகத் தெருவின் குறுக்கே ஓடட்டும். எந்த வீடு எந்தக் காலத்தது என்று கல்வெட்டு இல்லாமலே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நெய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தறியை விட்டு நெசவாளர் போய்விட்டால் பாவு தொய்யத் தொடங்கும், எலி கடிக்கும், தூசி படியும். சில மாதங்களில் அந்தப் பாவு யாருக்கும் ஆகாது.

முசுறு எழுதியது:

சிலந்தி நூலைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. பல சிலந்திகளின் வலையைத் தாங்கும் முதன்மை நூல், கட்டப்படாமல் தளர்வாக இருக்கும் நிலையில் நனைந்தால், ஏறக்குறைய பாதி நீளத்துக்குச் சுருங்கிவிடும். இரு முனையும் கட்டப்பட்டிருந்தால் சுருங்க இடமில்லாமல் இழுவிசை கூடும். அதாவது அணங்குகளின் நூல் சிலந்தி நூல் வகையாக இருந்தால் மழையில் நகரம் தொய்யாது, இறுகும். தெருக்கள் மேலே எழும்பும், கதவுகள் திறக்க மாட்டா, முனைக்கட்டுகள் முனகும். மழைக்காலத்தில் கட்டுகளைக் கொஞ்சம் நெகிழ்த்திவிடுவதற்கென்றே ஒரு பணியாளர் கூட்டம் வேண்டியிருக்கும். வலிமையைப் பற்றி ஐயம் வேண்டாம். மடகாஸ்கரில் 2010இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட டார்வின் மரப்பட்டைச் சிலந்தி, ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 25 மீட்டர் வரை பாலநூல் விட்டு, அதில் வலையைத் தொங்கவிடுகிறது.

ஆனால் உங்கள் அணங்குகளுக்கு நான் பரிந்துரைப்பது சிலந்தியை அல்ல, மாமரத்தில் கூடு கட்டும் முசுறு எறும்பை. வேலைக்கார எறும்புகள் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்து ஒன்று சேர்க்கும். அதற்குப் பிறகு நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வளர்ந்த எறும்புகளால் நூல் விட முடியாது. அவை கூட்டிலிருந்து தம் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, புழுவின் தலையை ஓர் இலை விளிம்பில் தொட்டு, பிறகு மறு விளிம்பில் தொட்டு, இப்படி மாறி மாறிக் கொண்டுபோகும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இரண்டையும் தைத்துவிடும். குழித்தறி ஐயா சொன்ன நாடாவின் வேலையை அங்கே குழந்தைதான் செய்கிறது. வேறு பல எறும்பு இனங்களின் புழுக்கள் தமக்கென்று பட்டுக்கூடு சுற்றிக்கொள்ளும். முசுறுப் புழு தன் பட்டை எல்லாம் ஊர்க்கூட்டுக்கே கொடுத்துவிடுவதால், அதன் கூட்டுப்புழு வெற்றுடம்போடு கிடக்கும்.

நூல் நகரம் என்றால் நூல் யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

வெறும்வாசகன் எழுதியது:

இந்தப் புழுச் செய்தி பொறியியலைப் போல் உலர்ந்ததாக இல்லை, தூக்கம் கெடுக்கும் செய்தி. நகரவாசிகள் மிதித்து நடப்பது அணங்குக் குழந்தைகள் தமக்காகச் சுற்றிக்கொள்ள வேண்டிய பட்டின் மேல் என்றால், கதை வேறு கதையாகிவிடுகிறது. சரி, நெருப்புக்கு என்ன செய்வீர்கள்? சமையல் இல்லாத நகரம் உண்டா?

குழித்தறி எழுதியது:

எந்த நூல் என்பதைப் பொறுத்தது. பருத்தி பற்றினால் ஓடி எரியும். பட்டும் கம்பளியும் அப்படி எளிதில் சுடர் பிடித்து ஓடுவதில்லை. மயிர் பொசுங்கும் வாடையோடு சுருண்டு கருகும், சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். பட்டு நகரமாக இருந்தால் அடுப்பைக் கீழே ஆற்றங்கரையில் வைத்துக்கொண்டு, சமைத்ததை மேலே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மழையில் இதற்கு நேர்மாறு. நனைந்தால் பருத்திக்கு வலு கூடும், பட்டுக்குக் குறையும். இரண்டையும் கலந்து நெய்த நகரத்தில் பருத்தித் தெருவில் மழைக்கு ஒதுங்குவார்கள், பட்டுத் தெருவில் தீபம் ஏற்றுவார்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

குழித்தறி ஐயா நெசவாளர் இல்லாத தறியைப் பற்றிச் சொன்னதற்கு உண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெருவின் குஸ்கோ பகுதியில், அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாச்சாக்கா என்ற தொங்குபாலம் இருக்கிறது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், முழுக்கப் புல்லை முறுக்கிய கயிறு. இன்காக்கள் காலத்து முறைப்படி, சுற்றியுள்ள கெச்சுவா மக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் கூடி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கயிறு முறுக்கிக் கொண்டுவருவதும் அதில் அடங்கும். 2013இல் யுனெஸ்கோ இந்த அறிவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020இல் புதுப்பிக்க முடியாமல் போனது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் மறுபடியும் கட்டினார்கள்.

ஓர் ஆண்டு தவறியதற்கே இப்படி. உங்கள் அணங்குகள் போய்ப் பல தலைமுறை ஆகிறது என்கிறீர்கள்.

இழைமாலை எழுதியது:

அணங்குகள் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவை இரவில் நெய்கின்றன. பகலில் எங்கே எந்த இழை தேய்ந்ததோ அங்கே விடிவதற்குள் புது இழை ஓடியிருக்கும். மனிதர்கள் அதை நகரத்தின் இயல்பு என்று எண்ணிக்கொண்டு, நெய்பவர்களைப் பார்க்காமலே வாழ்கிறார்கள். புழுக்களைக் கதாநாயகி ஒரு மழை இரவில், இறுகிப்போன கதவைத் திறக்கப் போய்த்தான் முதன்முதலில் பார்க்கப் போகிறாள்.

ஒன்றே ஒன்று இன்னும் உறுத்துகிறது. தம் குழந்தைகளின் பட்டைச் செலவழித்து, இன்னொரு இனத்தைத் தம் நகரத்தில் ஏன் குடியிருக்க விடுகின்றன? கருணை என்று எழுத எனக்கு மனமில்லை. வணங்குவார்கள் என்பதற்காக என்பதும் பழகிப்போன விடை.

ஆற்றங்கரை எழுதியது:

எடைக்காக இருக்கலாம். பண்டைய கிரேக்கத்தில் பாவைக் கீழே உருளையில் கட்டாமல், மேல் கழியிலிருந்து தொங்கவிட்டு, கீழ்முனையில் சுட்ட களிமண் குண்டுகளைக் கட்டி விறைப்பாக்கும் தறிகள் இருந்தன. அகழாய்வில் அந்தக் குண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நார்வேயில் அந்த வகைத் தறி 20ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது.

கட்டுமானன் எழுதியது:

மிகச் சரியான விடை என்று சொல்வேன். எடையற்ற வலையைக் காற்று தூக்கி அடித்துவிடும். நான் முதலில் சொன்னபடி எதிர்த்திசை வடங்களால் அடக்கலாம், இல்லையென்றால் போதிய பாரத்தை ஏற்றி அடக்கலாம். அணங்குகள் காற்றைப் போல் இலேசானவை என்றால் அவற்றால் நகரத்தை நெய்ய முடியும், நிலைநிறுத்த முடியாது. மனிதர்கள் அங்கே தறிக்குண்டுகள். எந்தத் தெருவில் எத்தனை குடும்பம் இருக்கலாம் என்பதை அணங்குகள் தீர்மானிக்கும். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் அன்றிரவே அந்தத் தெரு மேலெழும்பும்.

வெறும்வாசகன் எழுதியது:

கணக்கு வேண்டாம் என்று வாதிட்ட நானே கேட்கிறேன். குண்டுகள் நகராமல் கிடக்கும், மனிதர்கள் நடப்பார்களே? திருவிழாவன்று ஊரே ஓரிடத்தில் கூடினால்?

கட்டுமானன் எழுதியது:

கூடுவதைவிட ஒன்றாக நடப்பதுதான் ஆபத்து. மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலத்தில் 1831 ஏப்ரலில் படைவீரர்கள் ஒரே சீராக அடியெடுத்து வைத்து நடந்தபோது பாலம் அறுந்தது. ஏற்கெனவே குறைபட்டிருந்த ஓர் இணைப்பாணி அந்த அதிர்வில் முறிந்ததாகக் கண்டார்கள். அதன் பிறகு பாலங்களில் வீரர்கள் அடியைக் கலைத்து நடக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் படையில் ஆணையிட்டார்கள். உங்கள் நகரத்தில் சாமி புறப்பாட்டுக்கு மேளம் வைக்க முடியாது, இழைமாலை. வைத்தே ஆக வேண்டும் என்றால், யாருடைய காலும் தாளத்தோடு சேர்ந்துவிடாதபடி வேண்டுமென்றே தாளத்தை உடைத்து வாசிக்கும் தவில்காரர்களின் பரம்பரை ஒன்றை நீங்கள் உருவாக்க வேண்டியிருக்கும்.

இழைமாலை எழுதியது:

அந்தப் பரம்பரையில்தான் கதாநாயகி பிறக்கிறாள். நான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்ததும் இதே இழையில் பதிவிடுகிறேன்.